மீன் வைக்கிற நாளில் காயும் வை

திருவண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. மாப்பிள்ளைக்கு மூன்று மாதச் சர்க்கரை 7.8 வந்திருக்கிறது என்று நீ போனில் சொன்னதிலிருந்து என் நினைப்பெல்லாம் உன் வீட்டில்தான் இருக்கிறது. சோற்றைக் குறைத்து, மீனும் காயும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதை எப்படிச் செய்வது என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அடுப்படியில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்யலாம் என்றுதான் எழுதுகிறேன். நீளமாகப் போனாலும் முழுசாகப் படி.

நம் வீடுகளில் மீன் வைக்கிற நாளில் காய் கிடையாது. நினைத்துப் பார். சாம்பார் வைத்தால் ஒரு பொரியல் உண்டு, ஒரு கூட்டு உண்டு. காரக்குழம்பு வைத்தால் உருளைக்கிழங்காவது வறுப்போம். மீன் குழம்பு என்றால் மட்டும் குழம்பு, வறுவல், சோறு, அவ்வளவுதான். ‘மீன் இருக்கும்போது காய் எதுக்கு’ என்று அம்மாவே சொல்லுவாள். குழம்பு ருசியாக அமைந்துவிட்டால் சோறு இரண்டு தடவை, மூன்று தடவை உள்ளே போகும். இரண்டு துண்டு மீனுக்கு ஒரு தட்டு நிறையச் சோறு. மீன் நல்லது என்று நம்பி நாம் போடுவதில் முக்கால்வாசி சோறுதான்.

அப்பா விஷயத்திலும் இப்படித்தான் நடந்தது. சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து காப்பியில் சீனி நின்றது, பண்டிகைக்குச் செய்த அதிரசத்தை அவர் கண்ணில் படாமல் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ‘இனிப்பைத் தொடாதீங்க பெரியவரே’ என்று சொன்னார்களே ஒழிய, சோற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு அவர் தட்டில் விழுந்த சோறு ஒரு கவளம்கூடக் குறையவில்லை. கடைசிக் காலத்தில் காலில் வந்த புண்ணை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். உன் வீட்டில் அது வேண்டாம். அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். அவர் ஒருத்தருக்கு மட்டும் வந்துவிட்ட கேடு மாதிரி ஒடுங்கிப் போக வேண்டாம். 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வுப்படி இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அவருக்கென்று தனிச் சமையல், தனித் தட்டு என்று ஆரம்பிக்காதே. தனியாக வைத்தால் எந்த ஆம்பளையும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்க மாட்டான். நீயும் பாப்பாவும் அதையே சாப்பிடுங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள் மீன் போதும். இதற்கு நம்ம ஊரில் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, வியாழன் சாயிபாபாவுக்கோ குருவுக்கோ. மிஞ்சுவது புதனும் ஞாயிறும். அதிலும் பௌர்ணமி, அமாவாசை, கிருத்திகை குறுக்கே வந்தால் அடுப்பில் மீன் ஏறாது. பௌர்ணமிக்கு மலையைச் சுற்றுகிற 14 கிலோமீட்டரும் ஜனமாக இருக்கும்போது, வெளியூர்க்காரர்கள் நம் வாசல் வழியாக வெறுங்காலோடு நடக்கும்போது, உள்ளே கவுச்சி வாடை வரக் கூடாது என்பதில் எதிர்வீட்டு அக்காவிலிருந்து நான் வரை எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். புரட்டாசி முழுக்கக் கிடையாது. கார்த்திகைத் தீபத்துக்குக் கொடியேற்றினால் பத்து நாளும் கிடையாது. அது நல்லதுக்குத்தான். அந்த நாட்களில் மல்லாட்டைப் பயறு வேகவைத்துப் போடுவேன், தட்டைப்பயறு குழம்பு வைப்பேன். மாப்பிள்ளைக்கு அதுவும் நல்ல சாப்பாடு.

இனி மீன் வாங்குவது. எனக்குக் கிடைப்பதும் உனக்குக் கிடைப்பதும் வேறு வேறு. நான் கடலை விட்டு நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன். பாண்டிச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வருவது இங்கே சேரும்போது ஐஸில் ஒருநாள் கிடந்திருக்கும். அதனால் எனக்குச் சாத்தனூர் அணை மீனும் ஏரி மீனும்தான். உனக்கோ காசிமேடு பக்கத்தில் இருக்கிறது. ஆனால் நீ போன தடவை வஞ்சிரம் விலையைச் சொல்லி மலைத்தாயே, அந்த வஞ்சிரம் உனக்குத் தேவையே இல்லை. மத்தி வாங்கு, கானாங்கெளுத்தி வாங்கு, நெத்திலி வாங்கு. இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்கிற ஒமேகா-3 கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் நிறைய இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் பாப்பாவுக்குச் சுண்ணாம்புச் சத்து. விலை குறைவு என்பதால் மட்டம் என்று நினைக்காதே. பெரிய மீனில் பாதரசம் சேரும், சின்ன மீனில் அந்தப் பயம் குறைவு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம்ம பக்கத்துக் கடலில் விசைப்படகு போகாது. மீன் முட்டையிடுகிற காலம் என்று அரசாங்கம் தடை போட்டிருக்கிறது. அந்த இரண்டு மாதமும் கடல் மீனுக்கு அலையாதே. கட்லா, ரோகு வாங்கிக்கொள். சென்னைக்கு ஆந்திராவிலிருந்து லாரி லாரியாக வருகிறது. செவுளைத் தூக்கிப் பார், சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழுந்திருக்கக் கூடாது. சதையில் விரலை அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். மீன்காரம்மா கோபித்துக்கொண்டாலும் பார்த்து வாங்கு.

கட்லா என்றதும் அணைதான் நினைவுக்கு வருகிறது. நாம் பொதுப்பணித்துறை குவார்ட்டர்ஸில் இருந்தபோது நீ சின்னவள், உனக்கு எவ்வளவு ஞாபகமோ தெரியாது. அப்பா லஸ்கர் வேலைக்கு மதகுப் பக்கம் போகும்போது நானும் கூடவே போவேன். விடியற்காலையில் பரிசல் கரை ஒதுங்கும், வலையோடு மீனைக் கொட்டுவார்கள். ஒரு கட்லா அப்பா கைக்கு முழங்கை நீளம் இருக்கும். அது நம் பெண்ணையாற்று மீன் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது கங்கை மீன். கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் வடக்கே ஓடுகிற ஆறுகளில் மழை வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய தண்ணீரில் அவை தானாக முட்டையிடாது. அதனால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் குஞ்சு பிடித்தால்தான் வளர்க்க முடியும் என்று இருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சவுத்ரி என்கிற விஞ்ஞானி, ஒரு மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை இன்னொரு மீனுக்கு ஊசி போட்டு, குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்தத் தேதியைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாக வைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம், 1958-இல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது சாத்தனூர் அணை கட்டி முடிந்தது. 119 அடித் தண்ணீர் தேக்க அணை வந்தது, அதில் விடக் குஞ்சு பொரிக்கும் வித்தையும் வந்தது. கடல் பார்க்காத நம்ம ஜில்லாவில் கூலிக்காரர் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை மீன் வாசனை வந்ததற்கு இந்த இரண்டும் காரணம். ஹிராலால் சவுத்ரி பேரைப் பாப்பாவுக்குச் சொல்லிக் கொடு. பள்ளிப் புத்தகத்தில் பெரிதாகப் போட வேண்டிய பெயர் அது.

குளத்து மீனில் மண் வாடை அடிக்கிறது என்று மாப்பிள்ளை முகம் சுளிப்பார், தெரியும். அதற்குக் காரணம் ஜியோஸ்மின் என்கிற பொருள், தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களால் உண்டாகிறது. முதல் மழைக்கு மண்ணிலிருந்து கிளம்புகிற வாசனையும் அதுதான். மழைக்கு இனிக்கிற வாசனை மீனில் வந்தால் பிடிக்காது. புளிப்புப் பட்டால் அது சிதைந்துவிடும். ஏரி மீனுக்குப் புளியைக் கூட்டிக் கரைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, ஆனால் செய்தாள். கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசி, அரிசி கழுவிய தண்ணீரில் அலசி, கொஞ்சம் புளித்தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு எடு. தலைக்குள்ளும் வயிற்றிலும் இருக்கிற கறுப்புச் சவ்வைச் சுத்தமாக வழித்துவிடு. பாதி வாடை அதில்தான் இருக்கிறது.

குழம்புக்கு வருகிறேன். உங்கள் மூன்று பேருக்கும் ஆய்ந்த மீன் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போதும். அதே அளவுக்குக் காய் எடு. ஆமாம், குழம்புக்குள்ளேயே போடத்தான். கருவாட்டுக் குழம்பில் கத்திரிக்காய், முருங்கைக்காய், மொச்சை எல்லாம் போடுகிறோமே, மீன் குழம்பில் மட்டும் ஏன் கூடாது? பிஞ்சுக் கத்திரிக்காய் ஐந்தாறு, ஒரு முருங்கைக்காய், மாங்காய் காலமாக இருந்தால் பாதி மாங்காய். முள்ளங்கிகூட நன்றாக இருக்கும், நான் போடுகிறேன். மாங்காய் போட்டால் புளியைப் பாதியாகக் குறைத்துவிடு. கருவாட்டை மட்டும் இப்போதைக்கு ஒதுக்கி வை. உப்பு அதிகம், மாப்பிள்ளைக்கு ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராம் உப்புதான், ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்.

மண்சட்டியில் நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி ஊற்று. கரண்டியால் அளந்து ஊற்று, புட்டியைச் சாய்க்காதே. வெந்தயம் அரைக் கரண்டி பொரிந்ததும் சின்ன வெங்காயம் ஒரு கை நிறைய, பூண்டு பத்துப் பல், கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கியதும் இரண்டு தக்காளியைக் கையால் பிசைந்து போடு. தக்காளி கரைந்ததும் கத்திரிக்காயையும் முருங்கைக்காயையும் போட்டுப் பிரட்டி, குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி, மஞ்சள், உப்பு. சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி மூடு. காய் முக்கால் வேக்காடு வரும்வரை கொதிக்கட்டும். தேங்காய் அரைத்து ஊற்றாதே. எண்ணெய் மேலே மிதக்கவில்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும். மிதக்க வேண்டாம். குழம்பு கொஞ்சம் வற்றினால் தானே கெட்டியாகும், கத்திரிக்காய் குழைந்து இன்னும் கெட்டியாக்கும்.

மாங்காயும் மீனும் கடைசியில். மீனைப் போட்ட பிறகு கரண்டியை உள்ளே விடாதே. சட்டியின் காதைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி விடு. மத்தி, நெத்திலி என்றால் ஐந்து நிமிஷமே அதிகம். கட்லா துண்டு என்றால் எட்டுப் பத்து நிமிஷம். அடுப்பை அணைத்து, மூடி, அரை மணி நேரம் அப்படியே விடு. சாயந்திரம் ஆறு மணிக்கே வைத்து முடித்துவிட்டால் சாப்பிடும் நேரத்துக்கு உப்பும் புளிப்பும் துண்டுக்குள் இறங்கியிருக்கும்.

வறுவல் கேட்பார். அணைக்கட்டுக் கடைகளில் மசாலா தடவி எண்ணெய்ச் சட்டியில் முக்கிப் பொரித்துத் தருவார்களே, அதற்கென்றே சனி ஞாயிறு வண்டி கட்டிக்கொண்டு போகிற கூட்டம் உண்டு, எனக்கும் அது பிடிக்கும். ஊருக்கு வரும்போது சாப்பிடட்டும். வீட்டில் வேண்டாம். நான்கு துண்டுக்கு மிளகு, பூண்டு, மஞ்சள், எலுமிச்சைச் சாறு தடவி தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெயில் இரண்டு பக்கமும் வேகவிடு. மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், ருசி குறையாது.

இத்தோடு ஒரு பொரியல் கட்டாயம். ராத்திரியில் கீரை வேண்டாம் என்பது நம் வீட்டு வழக்கம், அதை மாற்றச் சொல்லவில்லை, கீரையை மதியத்தில் வைத்துக்கொள். ராத்திரிக்கு அவரைக்காய், புடலங்காய், கொத்தவரங்காய், பீன்ஸ், கோஸ், எது மலிவோ அது. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய் சாப்பிடச் சொல்கிறது. நான் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவள், எடை எனக்குக் கை பழக்கம். நம் வீடுகளில் மூன்று பேருக்கும் சேர்த்தே அவ்வளவு காய் நறுக்குவதில்லை. இங்கே உழவர் சந்தையில் காலையில் போனால் பிஞ்சாகக் கிடைக்கும். அங்கே உனக்கு ஞாயிற்றுக்கிழமையே வாங்கி நறுக்கி வைத்தால்தான் வேலைக்குப் போய் வந்து செய்ய முடியும் என்றால், தாராளமாகச் செய். நறுக்கி வைத்த காயில் சத்துப் போய்விடும் என்று காயே வைக்காமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். தேங்காய்த் துருவல் ஒரு கரண்டிக்கு மேல் போடாதே. வெள்ளரிக்காயும் தக்காளியும் பச்சையாக நறுக்கிப் பக்கத்தில் வை.

சோறு. இதைச் சொல்லும்போதுதான் எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆரணி அரிசி தின்று வளர்ந்தவர்கள் நாம். சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. பச்சரிசியை விட்டுப் புழுங்கலரிசிக்கு வா. புழுங்கல் மெதுவாகச் சர்க்கரையாகும். ராத்திரிக்கு மாப்பிள்ளைக்கு அரை ஆழாக்கு அரிசிக்கும் கொஞ்சம் குறைவாக அளந்து போடு. பானையில் நிறைய வடித்துவிட்டு ‘பார்த்துச் சாப்பிடுங்க’ என்றால் எந்த மனுஷனும் பார்க்க மாட்டான். வாரத்தில் ஒரு நாள் சாமைச் சோறு வை. ஜவ்வாது மலைச் சாமை இங்கே நல்லதாகக் கிடைக்கிறது, யாராவது வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். மீன் குழம்புக்குச் சாமை ரொம்பப் பொருத்தம், குழம்பை நன்றாக இழுத்துக்கொள்ளும். ஆனால் சாமை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று இப்போது பல பேர் பேசுகிறார்கள். அதுவும் தானியம்தான். அளவு அதற்கும் உண்டு.

அடுத்தது எல்லாவற்றையும்விட முக்கியம். தட்டு வைக்கும்போது சோற்றை வைக்காதே. முதலில் ஒரு சின்னத் தட்டில் பொரியல், வெள்ளரிக்காய், குழம்பிலிருந்து எடுத்த மீனும் காயும். அதை உட்கார்ந்து முள் பார்த்துச் சாப்பிட்டு முடிக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும், முள்ளுள்ள மீன் என்றால் தானாகவே ஆகும். அதற்குப் பிறகு சோறும் குழம்பும். 2015-இல் அமெரிக்காவில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோயுள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருநாள் ரொட்டியும் பழச்சாறும் முதலில், கோழிக்கறியும் காயும் பிறகு. இன்னொரு நாள் கறியும் காயும் முதலில். கறியும் காயும் முதலில் சாப்பிட்ட நாளில் ஒரு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. சின்ன ஆராய்ச்சிதான், 11 பேர்தான். ஆனால் இதற்குப் பைசா செலவில்லை, ருசியில் ஒன்றும் குறைவதில்லை, வீட்டில் யாரும் சண்டை போட வேண்டியதும் இல்லை. உங்க மாமாவுக்கு நான் அப்படித்தான் வைக்கிறேன். சோற்றுக்கு வரும்போது பாதி வயிறு நிரம்பிவிடுகிறது, இரண்டாவது தடவை கேட்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. புதிதாக மாத்திரை எழுதியிருக்கிறார்கள் என்றாய். மாத்திரையும் போட்டு, சோற்றையும் திடீரென்று குறைத்தால் சில பேருக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். எந்த மாத்திரை, சோற்றை எவ்வளவு குறைக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டுவிட்டு ஆரம்பி. மாத்திரையைத் தானாக நிறுத்தவும் விடாதே. மீனும் காயும் மாத்திரைக்குத் துணை, மாத்திரைக்கு மாற்று கிடையாது. ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேரும் தெருவில் கால் மணி நேரம் நடங்கள். பாப்பாவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு வாருங்கள். பௌர்ணமியை ஒட்டி வராதே, பஸ்ஸில் நிற்கவே இடம் இருக்காது, வீட்டில் மீனும் இருக்காது. புதனோ ஞாயிறோ பார்த்து வந்தால் தண்டராம்பட்டு வழியாகச் சாத்தனூர் போய், நீ சட்டியைப் பிடிக்க நான் பக்கத்தில் நின்று ஒரு தடவை செய்து காட்டிவிடுவேன். மண்சட்டி உன்னிடம் இல்லை என்றால் சொல், இங்கேயே ஒன்று வாங்கிக் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்கி வைக்கிறேன். அடுத்த தடவை மூன்று மாதச் சர்க்கரை எடுத்ததும் அன்றைக்கே போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் அக்கா